உள்ளங்கையில் பத்து இலக்கம்

கீர்த்தியின் இடது உள்ளங்கையில் மருதாணியால் எழுதியிருந்த எண் 9814072356. அந்த எண்ணுக்குச் சில தன்மைகள் உண்டு. பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை உள்ள பத்து இலக்கங்களும் அதில் வரும். எதுவும் இரண்டாவது முறை வராது. அது ஒரு முழு வர்க்க எண். அதாவது, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது. இப்படிப் பத்து இலக்கங்களும் ஒரே ஒரு முறை வருகிற பத்திலக்க வர்க்க எண்கள் மொத்தமே எண்பத்தேழுதான். அந்த எண்பத்தேழில் பெரியது இது.

இன்னொரு தன்மையும் இருந்தது. பத்து இலக்கம், ஆரம்பம் தொண்ணூற்றெட்டு. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு செல்ஃபோன் நம்பர். எம்.எஸ்சி. கணிதம் முடித்து, உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் கீர்த்தி இதைக் கவனிக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று காலை அவளுடைய வருங்கால மாமியார் சொக்கம்மாள் கவனித்தார்.

அதே எண்ணால் பெருக்கினால் இந்த எண்ணைத் தருகிற சின்ன எண் 99066. கீர்த்திக்கும் தினகரனுக்கும் கல்யாணப் பேச்சு வந்ததே அந்தச் சின்ன எண்ணால்தான்.

போன வருடம் கீர்த்தி சொந்தச் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கினாள். பின்பக்கம் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டியிருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தவன் தினகரன். ஊர் மாகறல். முருகன் துணை, அம்மாவின் ஆசி, தங்கச்சியின் அன்பளிப்பு எல்லாம் வெட்டி வெட்டி அவன் கைக்குப் பழகியிருந்தன.

"இன்னா எழுதணும் மேடம்?"

"தொண்ணூத்தொம்பதாயிரத்து அறுபத்தாறு."

"வண்டி நம்பரா?"

"இல்ல."

"அப்பா பொறந்த தேதியா?"

"இல்ல. சும்மா ஒரு நம்பர்."

தினகரன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததாலேயே கீர்த்தி சொன்னாள். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் என்ன வரும், அப்படி வருவதில் என்ன விசேஷம், அதை அவள் கல்லூரியில் எப்படிக் கண்டுகொண்டாள் என்று அவன் ஒட்டி முடிக்கிற வரைக்கும் சொன்னாள். பள்ளியில் டீச்சர்களிடம் இதைச் சொன்னால், "சரி, அதனால இன்னா யூஸ்?" என்று கேட்பார்கள். தினகரன் கேட்கவில்லை. நடு நடுவே "ம்" என்றான். இப்படி அமைதியாகக் காது கொடுத்த மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"ஒம்பது ஸ்டாக் தீந்துபோச்சு மேடம்" என்றான் நடுவில். "ஃபேன்சி நம்பருக்குன்னு அல்லாரும் ஒம்பதா வாங்கிக்கினு போறாங்க. ஆறத் திருப்பி ஒட்டிக்கறேன், வித்தியாசம் தெரியாது."

நான்கு ஆறும் ஒரு பூஜ்ஜியமும் வைத்து வேலையை முடித்தான். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "வண்டி தலகீழா வுழுந்து கெடந்தாலும் அதே நம்பர்தான் படிக்கும் மேடம்."

கீர்த்தி மனசுக்குள் அந்த எண்ணைக் கவிழ்த்துப் பார்த்தாள். உண்மைதான். கவிழ்த்தாலும் 99066. கல்லூரியிலிருந்து கூடவே வைத்திருந்த எண்ணை அவள் ஒரு நாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ஸ்டிக்கரின் ஓரம் உரிந்துவிட்டது என்று கடைக்கு வந்தாள். அதற்கடுத்த வாரமும் உரிந்தது. அவன் ஒட்டுகிற ஸ்டிக்கர் அப்படி உரியாது. நகத்தால் யாராவது உரித்தால்தான் உண்டு. அது தினகரனுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் ஒட்டிக் கொடுத்தான். அப்புறம் வீட்டில் சொன்னான். விசாரிக்க வேண்டியதை எல்லாம் இரண்டு வீட்டாரும் விசாரித்தார்கள். தினகரனின் அப்பா புருஷோத்தமன் பெண்ணின் பிறந்த தேதி, கதவு எண், ஸ்கூட்டர் நம்பர் மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தார். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறவர் அவர். எந்த எண்ணைப் பார்த்தாலும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டுவது வழக்கம். கூட்டி எட்டு வந்தால் அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டார். பெண் விஷயத்தில் எங்கேயும் எட்டு வரவில்லை. நாள் குறித்தார்கள்.

முந்தின நாள் மருதாணி வைத்தவள் சனோபர். கீர்த்தியோடு கல்லூரியில் படித்தவள். அப்பா ரஹமத்துல்லாவுக்கு வாலாஜாபாத்தில் மளிகைக் கடை. சனோபர் சுற்று வட்டாரத்துக் கல்யாணங்களுக்கு மருதாணி ஆர்டர் எடுக்கிறாள். மாப்பிள்ளையின் பெயரைப் பெண்ணின் கையில் கொடிக்கும் பூவுக்கும் நடுவே ஒளித்து எழுதுவது இப்போது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தேடுவார்கள். மாப்பிள்ளையும் தேட வேண்டும். கண்டுபிடித்தால் கைதட்டுவார்கள்.

"நான் ஒளிச்சு வெக்கற பேர அஞ்சு நிமிஷத்துல ஒருத்தரும் கண்டுபிடிச்சது இல்ல" என்றாள் சனோபர். "தினகரன், அஞ்சே எழுத்து. மயில் வால்லயே வெச்சிடறேன்."

"பேரு வேணாம். இந்த நம்பர எழுது."

"நம்பரா?"

"இதுக்குள்ள அவரு இருக்காரு."

"எங்க?"

"வர்க்கமூலத்துல."

சனோபர் மருதாணிக் கோனைக் கீழே வைத்தாள். "ஒன்னக் கட்டிக்கப் போறவர நெனச்சா எனக்கே பேஜாரா கீதுடீ."

"அவருக்குத் தெரியும். சொல்லியிருக்கேன்."

"இன்னா சொன்னாரு?"

"ம்-னு சொன்னாரு."

சனோபர் கோனை மறுபடியும் எடுத்தாள். வலது கையில் மயில் வரைந்தாள். இடது கையில் வட்டமாக ஒரு தாமரை போட்டு, நடுவில் பத்து இலக்கங்களையும் மெல்லிய கோடாக எழுதினாள். மறுநாள் நன்றாகச் சிவந்திருந்தது. ஒரு இலக்கம் கூடக் கலையவில்லை. கொஞ்சம் கலைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிச்சயதார்த்தம் உத்திரமேரூரிலேயே ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் வேனில் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். காபி கொடுத்தாயிற்று. தட்டுகளை மேடையில் அடுக்கச் சொல்லிவிட்டு, சொக்கம்மாள் பெண்ணுக்குப் பொட்டு வைக்க மணமகள் அறைக்கு வந்தார். மாகறலில் மகளிர் குழுவுக்குப் பல வருடம் தலைவியாக இருந்தவர். குரலை உயர்த்தாமலே கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

"எங்க, கையக் காட்டு. என் பையன் எங்க கீறான்னு பாக்கலாம்."

வலது கையை விரல் விரலாகப் பார்த்தார். இடது கைக்கு வந்தார். உதடு அசைய எதையோ படித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"யாரு நம்பரும்மா இது?"

"யாரோடதும் இல்ல அத்தை."

"யாரோடதும் இல்லாத நம்பர கைல எழுதுவாங்களா?"

"இது ஃபோன் நம்பரே இல்ல அத்தை."

"பத்து கீது. எண்ணிட்டேன்." சொக்கம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் பையன் நம்பரு எனக்கு மனப்பாடம். இது அவனுது இல்ல. அவன் பேரு எங்க?"

"அதுக்குள்ளதான் அத்தை இருக்காரு. இது ஒரு வர்க்க எண்."

"ரெண்டு கையும் பாத்துட்டேன். என் பையன் இல்ல."

கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது. கீர்த்திக்கு அது புரிந்தது. ஆனால் வருத்தப்படுகிறவருக்கு வர்க்கமூலத்தை எங்கிருந்து விளக்க ஆரம்பிப்பது என்று புரியவில்லை.

சிறிது நேரத்தில் அறைக்குள் புருஷோத்தமனும், கீர்த்தியின் அப்பா வரதனும், மருதாணி வைத்தவள் என்கிற முறையில் சனோபரும் வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். கீர்த்தியின் அம்மா வாசலில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வரதன் மகளின் கையைப் பார்த்தார். ஐயங்கார்குளத்துப் பக்கம் நிலம் வைத்து நெல் பயிரிடுகிறவர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது.

"மயில் வரஞ்சிருக்கலாமேம்மா."

"அந்தக் கைல மயில் இருக்குப்பா."

"இந்தக் கைலயும் ஒண்ணு வரஞ்சிருக்கலாம்."

புருஷோத்தமன் அதற்குள் கூட்ட ஆரம்பித்திருந்தார். கூட்டி முடித்ததும் அவர் முகம் தெளிந்தது. "நாப்பத்தஞ்சு. நாலும் அஞ்சும் ஒம்பது. சொக்கு, இது முழு ஒம்பது."

"நான் கூட்டச் சொல்லலியே. யாருதுன்னு கேக்கறேன்."

"யாருதா இருந்தாலும் ராசியான ஆளு."

கீர்த்தியால் வாயைக் கட்ட முடியவில்லை. "மாமா, இந்தப் பத்து இலக்கத்தையும் எப்படி மாத்தி மாத்தி எழுதினாலும் நாப்பத்தஞ்சுதான் வரும். ஒம்பதால வகுபடாம போகவே போகாது."

"எப்படி மாத்தினாலுமா?"

"எப்படி மாத்தினாலும்."

புருஷோத்தமன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "யாராலயும் மாத்த முடியாத ராசி. கேட்டியா?"

"கேட்டேன். ஒரு ஃபோன் போட்டுப் பாத்துட்டா தெரிஞ்சிடும்" என்றார் சொக்கம்மாள்.

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. யார் ஃபோனிலிருந்து போடுவது என்பதில்தான் சிக்கல். போட்டால் போடுகிறவர் நம்பர் அந்தப் பக்கம் போய்விடும். நாளைக்கு எந்த நேரத்திலும் அவன் திருப்பிக் கூப்பிடுவான். வரதன் தன் ஃபோனில் சார்ஜ் இல்லை என்றார், அது உண்மையில்லை. புருஷோத்தமன் தன் நம்பரைக் கூட்டினால் நாலு வரும், நாலுக்கும் ஒன்பதுக்கும் ஒத்துவராது என்றார்.

"என்னுது பிசினஸ் நம்பர்" என்றாள் சனோபர்.

"மண்டபத்து லேண்ட்லைன்ல போடலாமா?" என்றார் வரதன்.

"அதுல வர்ற கால்தான் வரும். இங்கேருந்து போகாது. நான் வேற கல்யாணத்துல பாத்திருக்கேன்" என்றாள் சனோபர்.

கீர்த்தி தன் ஃபோனை எடுத்து மாமியார் முன்னால் நீட்டினாள்.

"இதுல போடுங்க அத்தை. யாராவது எடுத்தா அவர எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. போட்டுட்டீங்கன்னா, நான் இந்தப் புடவைய மாத்திக்கினு வீட்டுக்குப் போயிடறேன். நான் தெரியாதுன்னு சொன்னப்புறமும் போட்டுப் பாக்கற வீட்டுக்கு நான் எப்படி வர்றது?"

வரதன் கண்ணை மூடிக்கொண்டார். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. எல்லாம் தயார் என்று அர்த்தம்.

சொக்கம்மாள் ஃபோனை வாங்கவில்லை. அவளை நேராகப் பார்த்தார். "என் பையனுக்கு இது இன்னான்னு தெரியுமா?"

"தெரியும். சொல்லியிருக்கேன்."

"அப்ப சரி. ஃபோன யாரும் தொட வேணாம். அவன் வந்து இது இன்னான்னு சொல்லிட்டா நான் அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன், மோதிரம் மாத்திக்கலாம். சொல்லலன்னா தட்ட எடுத்துக்கினு போயிடுவோம்."

"சரி அத்தை" என்றாள் கீர்த்தி. அவளுக்குப் பயமே இல்லை. அவன் வருகிற வரைக்கும்.

தினகரன் பட்டுச் சட்டை, ஒட்டுகிற வேட்டியோடு வந்தான். அறையில் இருந்த முகங்களைப் பார்த்தான்.

"இன்னாமா?"

"அந்தக் கையப் பாரு. அது இன்னான்னு ஒனக்குத் தெரியுமாமே. தெரியுமாடா?"

எல்லோர் முன்னிலையிலும் அவன் கீர்த்தியின் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எண்ணைப் பார்த்தான். கீர்த்தியின் முகத்தைப் பார்த்தான். அவள் நம்பிக்கையோடு இருந்தாள்.

"தெரியும்" என்றான்.

"சொல்லு."

தினகரன் வாயைத் திறந்தான். மூடினான். "கணக்கு" என்றான்.

"இன்னா கணக்கு?"

"பெரிய கணக்கும்மா."

பிறகு அவன் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தான்.

அந்தப் பார்வை கீர்த்திக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை ஹாலில் ஒன்றும் படிக்காமல் வந்த பிள்ளை அப்படித்தான் மின்விசிறியைப் பார்க்கும். அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. கடையில் பேசியதற்கு ம். தினமும் சாயங்காலம் ஃபோனில் பகா எண்களைப் பற்றிப் பேசியதற்கு ம். அந்த ம்-களை எல்லாம் கேட்டுக்கொண்டதற்கு அடையாளம் என்று அவள் சேர்த்து வைத்திருந்தாள். ஒருவேளை அவன் அந்த நேரமெல்லாம் யாரோ ஒருவருடைய முருகன் துணையை வெட்டிக்கொண்டிருந்தானோ? அப்படியானால் தட்டை எடுத்துக்கொண்டு போவதற்கு இவர்கள் தேவையில்லை. அவளே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

"கீர்த்தி, கொஞ்சமா ஒரு ஹின்ட்டு..."

"மாட்டேன்." குரல் அவளுக்கே கொஞ்சம் டீச்சர் குரலாகக் கேட்டது. "மருதாணில ஒளிச்சத மாப்பிள்ளதான் கண்டுபிடிக்கணும். அதான முறை?"

"அது சரி" என்றார் சொக்கம்மாள். அந்த அறையில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"ரெண்டு நிமிஷம். காத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லி தினகரன் வெளியே போனான்.

"போனவரு வருவாரா?" என்று வரதன் சனோபரிடம் கேட்டார்.

வாசலில் கீர்த்தியின் அம்மா தினகரன் மேல் பன்னீர் தெளித்தார். "இன்னா மாப்ள, வெயில்ல எங்க?"

"சும்மாதான் அத்தை."

மண்டபத்து முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. மூன்றாவதாக நின்றது கீர்த்தியின் ஸ்கூட்டர். பின்பக்கம் 99066. வலது ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. பழக்க தோஷத்தில் தினகரன் கட்டை விரலால் அதை அழுத்தித் தேய்த்தான்.

அன்றைக்கு இதை ஒட்டும்போது இந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள்? கோடு நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்குக் காது கேட்காது. அது அவன் தப்பில்லை, தொழில் அப்படி. ஆனாலும் ஒரே ஒரு விஷயம் மட்டும் காதில் விழுந்தது. அதுவும் அது கடை சம்பந்தப்பட்டது என்பதால். சைபர்லேருந்து ஒம்பது வரைக்கும் எல்லாமே ஒரு தடவ ஒரு தடவதான் வரும் என்று சொன்னாள். வெட்டிய எண்கள் கடைக்கு செட்டாகத்தான் வரும். ஒரு செட்டில் ஒவ்வொன்றும் ஒன்று. வாங்குகிறவர்கள் ஒன்பதை எல்லாம் காலி செய்துவிட்டு எட்டையும் நாலையும் அவன் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். எதுவும் மிஞ்சாமல் ஒரு முழு செட்டையும் தீர்க்கிற நம்பர் ஒன்று உலகத்தில் இருக்கிறதா, எல்லாரும் அதையே வாங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

ஆனால் அது இந்த நம்பர் இல்லை. இதில் ஆறும் பூஜ்ஜியமும்தான் இருக்கிறது. இதை எதனாலோ பெருக்கினால் அந்த நம்பர் வரும் என்று அவள் சொன்னதும் அரைகுறையாக ஞாபகம் வந்தது. எதனால்? வேறு எந்த நம்பரையும் அவள் சொல்லவில்லை, அப்படியானால் இதனாலேயேதான் இருக்க வேண்டும்.

தினகரன் உள்ளே போனான். கதவைத் திறந்து, யாரிடமும் பேசாமல் கீர்த்தியின் கையை எடுத்து, விரலால் தேட ஆரம்பித்தான்.

"சைபர் கீது. ஒண்ணு கீது. ரெண்டு கீது. மூணு... கீது."

ஒன்பது வரைக்கும் போனான். எல்லாம் இருந்தது. எதுவும் மிஞ்சவில்லை.

"ஒரு செட்டு" என்றான்.

"செட்டுன்னா?" என்றார் சொக்கம்மாள்.

"முழு செட்டும்மா. இவ வண்டி பின்னாடி ஒட்டியிருக்கே, தொண்ணூத்தொம்பதாயிரத்து அறுபத்தாறு. அத அதாலயே பெருக்கினா இது வரும்." கீர்த்தியைப் பார்த்தான். "வரும் இல்ல?"

கீர்த்தி பரீட்சை ஹால் சூப்பர்வைசர் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வியர்வை நின்றுவிட்டது.

"பெருக்கிக் காட்டு" என்றார் சொக்கம்மாள்.

ஃபோனைத் தொடக்கூடாது என்று பேச்சு. சனோபர் போய்ச் சமையல்காரரிடமிருந்து சின்ன கால்குலேட்டரை வாங்கிவந்தாள். புருஷோத்தமன் அழுத்தினார். கால்குலேட்டர் திரையில் ஓரமாக ஒரு இங்கிலீஷ் ஈ எழுத்து வந்தது. வேறெதையும் அழுத்த விடவில்லை.

"ஈ-ல ஆரம்பிக்கற பேரு யாருது?" என்றார் சொக்கம்மாள்.

"பேரு இல்ல அத்தை. அதுல எட்டு இலக்கத்துக்குத்தான் எடம். நம்பர் பெருசு."

வரதன் வெளியே போய்ப் புரோகிதரின் பேனாவை வாங்கிவந்தார். லக்னப் பத்திரிகை எழுத வைத்திருந்த பேனா. ராகு காலம் பிறப்பதற்குள் மோதிரம் மாற்றியாக வேண்டும் என்று புரோகிதர் சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்வீட் பெட்டி ஒன்றின் மூடியைப் பிரித்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள் சனோபர்.

தினகரன் தரையில் உட்கார்ந்தான். 99066, கீழே 99066, இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவன் கையால் பெருக்கியதில்லை. ஆனால் எண்களை நேராக, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. ஆறால் பெருக்கி ஒரு வரி எழுதினான். ஓர் இடம் தள்ளி அடுத்த ஆறு. பிறகு ஒன்பது, இன்னொரு ஒன்பது. வாய்ப்பாடு தடுமாறிய இடத்தில் புருஷோத்தமன் உதட்டை அசைத்து உதவினார். கூட்டினான். கீழே இரண்டு கோடு போட்டான்.

987291756.

சொக்கம்மாள் மூடியை ஒரு கையிலும் கீர்த்தியின் கையை மறு கையிலும் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். "ஒம்பது, சரி. எட்டு, சரி. இங்க ஏழு. கைல ஒண்ணு கீது." கடைசி வரை எண்ணினார். "ஒண்ணு கொறயுது. இது ஒம்பதுதான் கீது, கைல பத்து."

புரோகிதர் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை.

தினகரன் மூடியை வாங்கி முதலிலிருந்து பார்த்தான். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது. வரிகள் சரி, கூட்டல் சரி, விடை தப்பு. அவன் நெற்றியில் பன்னீரும் வியர்வையும் கலந்து வழிந்தது.

கீர்த்தி தப்பை அப்போதே பார்த்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்குப் போகிறபோதெல்லாம் பாதிப் பிள்ளைகள் செய்கிற தப்பு. ஆனால் பரீட்சை ஹாலில் அவள் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறை தாளாளரின் பேரன் கண்ணீர் விட்டு அழுதபோதுகூடச் சொல்லவில்லை. கேட்டதை நினைவில் வைத்துக்கொள்வது அவன் வேலை. அதை அவன் செய்துவிட்டான். பெருக்கத் தெரிய வேண்டும் என்று யார் கேட்டது?

"சைபர விட்டுட்டீங்க" என்றாள்.

"சைபரால பெருக்கினா ஒண்ணும் வராதே. அதுக்கு எதுக்கு ஒரு வரி?"

"ஒண்ணும் வராது. ஆனா அதுக்கு எடம் விடணும். அப்புறம் வர்ற ஒம்பது இன்னும் ஒரு எடம் தள்ளிப் போகும்."

தினகரன் இரண்டு ஒன்பதுகளின் வரிகளையும் ஓர் இடம் தள்ளி எழுதினான். மறுபடியும் கூட்டினான். சொக்கம்மாள் மறுபடியும் விரல் வைத்துப் பார்த்தார். ஒன்பது, எட்டு, ஒன்று, நாலு, சைபர், ஏழு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு. கையில் இருந்தது அப்படியே மூடியில் இருந்தது.

"இதுல நீ எங்கடா கீற?" என்று மகனைக் கேட்டார்.

"நான் இவளுக்கு மொத மொதல்ல ஒட்டிக் குடுத்தது அந்த நம்பர்தாம்மா. ஒம்பது இல்லாம ஆறக் கவுத்து ஒட்டினேன்."

சொக்கம்மாள் எழுந்து, மேசை மேல் இருந்த குங்குமத்தை எடுத்துக் கீர்த்தியின் நெற்றியில் வைத்தார். பொட்டு நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

"பேச மாட்டேன்னு சொன்னேன், பேசல" என்றார். கதவு வரை போனவர் திரும்பி நின்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த நம்பர்ல நெஜமாவே ஒரு ஆளு இருந்தா?"

"இருக்கலாம் அத்தை."

"அவனுக்குத் தெரியுமா, அவனுது இவ்ளோ பெரிய நம்பர்னு?"

"தெரியாது."

"பாவம்" என்றார் சொக்கம்மாள்.

ராகு காலத்துக்கு முன்னாலேயே மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். வரதன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். புருஷோத்தமன் ஸ்வீட் பெட்டியின் மூடியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதைச் சனோபர் பார்த்தாள்.

மேடையில் ஃபோட்டோகிராஃபர் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சொக்கம்மாள் மருமகள் பக்கம் குனிந்தார். "கல்யாணத்துக்கு அவன் பேர எழுத்துல எழுதும்மா. படிக்கற மாரி."

"வலது கைல எழுதறேன் அத்தை."

"இடது கைல?"

"இன்னும் முடிவு பண்ணல."

மாமியார் இறங்கிப் போனதும் கீர்த்தி தினகரன் பக்கம் திரும்பினாள். முடிவு பண்ணியிருந்தாள்.

"இந்தத் தடவ வெச்சது எண்பத்தேழுல பெருசு. கல்யாணத்துக்கு அதுல சின்னத வெக்கலாம்னு இருக்கேன். 1026753849. முப்பத்திரண்டாயிரத்து நாப்பத்துமூணோட வர்க்கம். இதுவும் முழு செட்டுதான். ஒண்ணுல ஆரம்பிக்குது. ஒண்ணுல ஆரம்பிக்கற செல் நம்பர் கெடயாது, அதனால யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"ம்" என்றான் தினகரன்.

கீர்த்தி அவனைப் பார்த்தாள். ஃபோட்டோகிராஃபர் இருவரையும் சிரிக்கச் சொன்னார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றான் தினகரன். "இப்ப நான் எதையும் ஒட்டிக்கினு இல்ல."